முப்பத்தெட்டு மாடிகள்

சாவிக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. நகராட்சிக் கூட்ட அரங்கில், பக்கத்து நாற்காலியில் இருந்த முன்பின் தெரியாத ஆளிடம், "அதோ சுருட்டின வரைபடத்தோட உக்காந்திருக்காங்களே, அவங்க என் வீட்டம்மா" என்று இரண்டாவது தடவையாகச் சொன்னார். அந்த ஆள் கொட்டாவி விட்டார்.

சாவிக்காரர் கடை போட்டிருக்கும் கடைவீதி பகலில் ஜே ஜே என்று இருக்கும். கடைகளை அடைத்ததும் ஈ காக்கை இராது. காரணம் ஒரு பழைய விதி. கடைக்கு மேல் கடை இருக்கலாம், கிடங்கு இருக்கலாம், மனிதர்கள் மட்டும் குடியிருக்கக் கூடாது. ஆளில்லாத வீதியில் வியாபாரம் எங்கிருந்து வரும்? கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தன.

நகரமைப்புப் பிரிவில் வரைவாளராக இருக்கும் அவர் மனைவிதான் அந்த விதியை மாற்றச் சொல்லிக் கோப்பு எழுதினார். கோப்பு இரண்டு முறை திரும்பி வந்தது. 'மாடிகள் பூட்டியிருந்தபடியால் பார்வையிட இயலவில்லை' என்று அதில் குறிப்பு.

பூட்டியிருந்தால் என்ன, வீட்டில் எதற்கு ஒரு சாவிக்காரர்? உரிமையாளர்களில் பாதிப் பேர் மாடிச் சாவியைத் தொலைத்து வருடக் கணக்காகியிருந்தது. அவர்களிடம் கேட்டுக்கொண்டு இவர் திறந்துவிட, மனைவி ஒட்டடையோடு ஒட்டடையாக நின்று அளவெடுத்தார். ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்பத்தொரு மாடிகள் ஆயின. புதிய விதியில் மனைவி ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: மாடிப்படி கடைக்குள் இறங்காமல் நேராகத் தெருவில் இறங்க வேண்டும்.

அங்கேதான் இடித்தது. சாவிக்காரர் கடையின் மாடிப்படி கடைக்குள்தான் இறங்கியது. இரண்டு பக்கமும் ஒட்டிய சுவர்கள், வெளியே படி கட்ட ஒரு அடி இடமில்லை. தினமும் இரண்டு பஸ் மாறி வந்துபோகும் அவர், எந்த ஜன்னலுக்குக் கீழே கட்டில் போடலாம் என்றுகூட முடிவு செய்துவைத்திருந்தார்.

"நாற்பத்தொண்ணுல நம்ம ஒரு மாடி. வரைபடத்துல அதுக்கும் சேர்த்து குடியிருப்புன்னு மஞ்சள் அடிச்சிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"கடையில தீப்பிடிச்சா மேல இருக்கிறவங்க எப்படி இறங்குவாங்க? நீங்க சாவி செஞ்சு குடுப்பீங்களா?"

அவர் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். மனைவி கண்டுகொள்ளவே இல்லை.

இப்போது அரங்கில் தலைவர், மாடிகளில் குடிவைத்தால் பாதுகாப்பு உண்டா என்று கேட்டார். மனைவியின் மேலதிகாரி காகிதத்தைப் புரட்டி முழித்தார். இருபது வருடங்களில் அந்த அரங்கில் ஒரு வார்த்தை பேசியிராத மனைவி எழுந்து வரைபடத்தை விரித்தார்.

"முப்பத்தெட்டு மாடிக்குத் தெருவுல இருந்தே தனிப் படி இருக்குங்க. மூணுக்கு இல்ல. அந்த மூணையும் சேர்க்கல."

எதற்கும் முட்டுக்கட்டை போடும் உறுப்பினர் ஒருவர் சிரித்தார். "அந்த மூணும் உங்களுக்கு வேண்டாதவங்க மாடியா இருக்கும்."

"அதுல ஒண்ணு எங்க மாடிங்க."

கொட்டாவி விட்ட ஆள் திரும்பி சாவிக்காரரைப் பார்த்தார். பெருமையாக ஏதாவது சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. சாவிக்காரரோ விரித்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புதிய விதிக்கு ஆதரவாகக் கைகள் உயர்ந்தன, முட்டுக்கட்டைக்காரரின் கையும் சேர்த்து.

நான்கு மாதம் கழித்து, வீதியில் புதிதாகக் குடிவந்த நர்ஸம்மாவின் மாடிக் கதவுக்குச் சாவிக்காரர் புதுப் பூட்டு மாட்டிக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்திருந்தது. எதிரே பலசரக்குக் கடை இன்னும் திறந்திருந்தது, அதன் மேலே இரண்டு ஜன்னல்களில் விளக்கு எரிந்தது.

"நீங்களும் கடைக்கு மேலதான் இருக்கீங்களா?" என்று நர்ஸம்மா கேட்டார்.

"இல்லம்மா, ரெண்டு பஸ் மாறிப் போகணும். எங்க மாடி விதிக்குள்ள வராது." சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு சாவிக்காரர் நிமிர்ந்து நின்றார். "அந்த விதிய எழுதினதே என் வீட்டம்மாதான்."