மூன்றாம் ஓலை

"இன்னா பாப்பா, உன் மாப்பிள்ள எந்த விசா?"

தயாளன் இதைக் கேட்டபோது அபிகாயில் அவருடைய இடது கையில் இரண்டாவது ஊசியைச் செலுத்திக்கொண்டிருந்தாள். குரோம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவு. சனிக்கிழமை, காலை ஏழு மணி.

"ஆடாதீங்க சார்" என்றாள்.

"நான் ஆடல. டிவிய பாரு, அதான் ஆடுது."

டிவியில் சிவப்புப் பட்டை ஓடியது. வெளிநாட்டுக்காரர்களின் வேலை விசாவுக்கு இனி ஒரு லட்சம் டாலர் கட்டவேண்டும் என்று அமெரிக்காவில் உத்தரவு. ராத்திரியோடு ராத்திரியாகக் கையெழுத்தாகிவிட்டது. வெளியே இருப்பவர்கள் ஒரு நாளுக்குள் திரும்ப வேண்டுமாம், இல்லையாம், தெரியவில்லையாம்.

வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டிப்போட்டதுபோல் அங்கே படுத்திருக்கும் ஐந்து பேருக்கும் டிவியைத் தவிர வேறு வழியில்லை. அவர்களுக்குத் தெரியாத உலக அரசியல் தாம்பரம் வட்டாரத்தில் வேறு யாருக்கும் தெரியாது. எந்த நாட்டு எண்ணெயை யார் வாங்கக் கூடாது, எதற்கு எத்தனை சதவீத வரி, யார் யாரோடு போய்க் கைகுலுக்கினார் எல்லாம் விரல்நுனியில். மூன்றாம் கட்டில்காரர் இது டாலரின் கடைசிக்காலம் என்றார். ஐந்தாம் கட்டில்காரர் இதைத்தான் நீ போன வருஷமும் சொன்னாய் என்றார். அந்த அறையில் யாருக்கும் ரத்த அழுத்தம் அன்று சரியாக இல்லை.

அபிகாயிலுக்கு வியாழக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை ஜாய்சன் டல்லாஸில் மென்பொருள் வேலை. மூன்று வார லீவில் வந்து பீர்க்கன்கரணை வீட்டில் இருக்கிறான். திங்கட்கிழமை கொடுப்பதற்காக டைப் செய்த ராஜினாமா கடிதம் அவளுடைய பைக்குள் இருந்தது.

மூன்று முறை கூப்பிட்டபின் ஜாய்சன் போனை எடுத்தான். கம்பெனி வக்கீல் மெயில் போட்டிருக்கிறார், உடனே திரும்பச் சொல்கிறார், அம்மா டிக்கெட் தேடிக்கொண்டிருக்கிறார் என்று மூச்சு விடாமல் சொன்னான்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டாள் அபிகாயில்.

அந்தப் பக்கம் அம்மா ஏதோ விமான நேரத்தை உரக்கப் படிப்பது கேட்டது. பிறகு, "பாக்கலாம் அபி" என்றான்.

தயாளனுக்கு இரும்புலியூரில் அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில் இப்போது வரிசையாக ஏழு கடைகள். படுத்தபடியே அவர் கேட்டார். "இன்னா சொன்னான்?"

"பாக்கலாம்னாரு."

"அது ஒரு பதிலா? எங்கப்பன் ரோட்டோரத்துல இருந்த இன்னொரு நெலத்தப் பத்தி யாரு கேட்டாலும் பாக்கலாம் பாக்கலாம்னு சொல்லிகினே இருந்தாரு. ஒரு நாள் பாத்தா வித்துகீது."

ஐந்து பேரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இயந்திரத்தின் எண்களைக் குறித்துக்கொண்டபோது ஒரே எண்ணை இரண்டு முறை எழுதினாள். அவன் போனாலும் சரி, இருந்தாலும் சரி, எதுவென்று அந்த ஒரு வார்த்தையை அவன் வாயால் கேட்டுவிட வேண்டும். அன்றும் மறுநாளும் அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மதியம் அவள் இரும்புலியூரில் தன் வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. உள்ளே ஜாய்சனின் அம்மா ரத்தினபாய், பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். எதிரே அபிகாயிலின் அப்பா லாசரஸ். டெலிபோன் இலாகாவில் ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். அமெரிக்காவின் ஆட்டம் முடிந்தது, உலகத்தின் பாரம் கிழக்கே சாய்கிறது என்று பதினைந்து வருடமாகச் சொல்லிவந்தவர். மார்ச் மாதம் இந்தச் சம்பந்தம் நிச்சயமான நாளிலிருந்து அந்தப் பேச்சை விட்டுவிட்டார். பெண் கொடுக்கிற ஊரைப் பழிக்கக் கூடாதென்று.

ரத்தினபாய் வந்த காரியம் ஓலையைப் பற்றியது. இவர்கள் சபையில் கல்யாணம் என்றால் அதற்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஆயர் அறிவிப்பார். இரண்டு ஓலை முடிந்தது. மூன்றாவது நாளைக்கு. அது வாசிக்காவிட்டால் வியாழக்கிழமை கல்யாணம் கிடையாது. அதை நிறுத்திவைக்கச் சொல்லி ரத்தினபாய் காலையிலேயே ஆயருக்குப் போன் செய்திருந்தார். பெண்ணோ மாப்பிள்ளையோ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் முடியும் என்று அவர் சொல்லிவிட்டார்.

"அண்ணே, நான் கல்யாணம் வேண்டாம்னு சொல்லல" என்றார் ரத்தினபாய். "மூணு மாசம் தள்ளிப்போடலாம்னுதான் கேக்கறேன். தொண்ணூறுல ஜாய்சனோட அப்பா குவைத்ல இருந்தாரு. என் தங்கச்சி கல்யாணத்துக்கு இருபது நாள் லீவுல வந்தாரு. வந்த பத்தாவது நாள் அங்க ராணுவம் நுழைஞ்சிடுச்சு. கம்பெனி இல்ல, சம்பளம் இல்ல, ரூம்ல வச்சிட்டு வந்த பெட்டிகூட இல்ல. அதுக்கப்புறம் அவரு கடைசிவரைக்கும் ஒரு கல்யாணத்துக்கும் வரல. எவன் எவனோடயோ சண்டை போட்டான், தாம்பரத்துல என் வீட்ல அடுப்பு அணைஞ்சுது."

லாசரஸ் அப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலையில் இருந்தார். குவைத் செய்தி வந்த நாளில் வெளியூர் அழைப்புக்கான டிரங்க் லைன் எல்லாம் நிரம்பி வழிந்ததையும், மனைவிமார் வந்து எக்ஸ்சேஞ்ச் வாசலில் நின்றதையும் அவர் பார்த்திருந்தார். அதைச் சொன்னார். ரத்தினபாய், கம்பெனிக்குப் போன் போட அவரோடு அந்த வாசலில் நானும் நின்றேன் என்றார்.

பிறகு அபிகாயிலைப் பார்த்து, கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். "நீ ஒரு கையெழுத்து போட்டுக் குடும்மா."

"அவரு போட்டாரா ஆன்ட்டி?"

"போடறேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல."

"அப்ப நானும் அப்படித்தான் ஆன்ட்டி."

ரத்தினபாய் தாளைத் திரும்ப மடித்தார். கோபம் இல்லை, அவசரம்தான். ஞாயிறு சாயந்தரம் ஆறு மணி விமானத்தில் டிக்கெட் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

விடிவதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது. புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்குத்தான் அந்தக் கட்டணம், ஏற்கெனவே விசா உள்ளவர்களுக்கு இல்லை. லாசரஸ் பல் விளக்குவதற்கு முன் பீர்க்கன்கரணைக்குப் போன் செய்தார். ரத்தினபாய்க்கு முன்பே தெரிந்திருந்தது. ஆனால் வக்கீல் இரண்டாவது மெயில் போட்டிருக்கிறார்: இன்று சொன்னதை நாளை மாற்றுவார்கள், நம்பி வெளியே இருக்காதீர்கள், முதல் விமானத்தில் வாருங்கள். டிக்கெட் டிக்கெட்டாகவே இருந்தது.

எட்டு மணி ஆராதனைக்கு அன்று எட்டுக்குப் பத்து நிமிடம் முன்பே இடமில்லை. மழைக்கால ஞாயிறில் அப்படிக் கூட்டம் வருவதில்லை. வாட்ஸப்பில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. தெரியாதது ஒன்றே ஒன்று, ஓலை வாசிப்பாரா மாட்டாரா.

ஓலை வாசிக்கும் ஞாயிறுகளில் வெட்கப்பட்டுக்கொண்டு சர்ச்சுக்கு வராத பெண்கள் உண்டு. அபிகாயில் வந்தாள். பாடகர் குழுவில் ஆல்ட்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரலைப் பாடும் இரண்டு பேரில் ஒருத்தி, வராவிட்டால் பாட்டு சாயும். குழு சபையைப் பார்த்தபடி உட்கார்வதால் எல்லா முகங்களும் அவளுக்கு நேரே இருந்தன. இடப்பக்கம் ஆண்கள், நாலாம் பெஞ்சில் ஜாய்சன். தூங்காத கண். சட்டையின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். அவனுக்கு இரண்டு பெஞ்சு பின்னால் லாசரஸ். வலப்பக்கம் பெண்கள், முதல் பெஞ்சில் ரத்தினபாய். அவர்தான் பெண்கள் ஐக்கியத்தின் தலைவி.

பிரசங்கம் முடிந்தது. ஆயர் காலேப் அறிவிப்புத் தாளை எடுத்தார். முப்பத்து நாலு வயது, இந்தச் சபைக்கு வந்து எட்டு மாதம்.

அவர் வாசித்தார். "இரும்புலியூர் திரு. லாசரஸ் அவர்களின் குமாரத்தி அபிகாயில். பீர்க்கன்கரணை காலஞ்சென்ற ஜீவானந்தம் அவர்களின் குமாரன் ஜாய்சன். இவ்விருவரும் பரிசுத்த விவாகத்தில் இணைய நினைத்திருக்கிறார்கள். இதற்கு நியாயமான தடை உண்டென்று அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கலாம். இது மூன்றாம் முறை."

தடை என்று கேட்டபின் நிறுத்துவது எந்த ஆயருக்கும் வழக்கமில்லை. யாரும் எதுவும் சொன்னதில்லை. அவர் அதே மூச்சில் அடுத்த வரிக்குப் போனார். வருகிற செவ்வாய்க்கிழமை மாலை பெண்கள் ஐக்கியக் கூட்டம். ரத்தினபாய் எழுந்து நின்றார்.

"கூட்டம் புதன்கிழமையாம்மா?" என்று கேட்டார் ஆயர்.

"இல்ல ஐயா. தடை."

பின்வரிசையில் ஒருவர், அந்தம்மா என்ன சொன்னார் என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்டது பலிபீடம்வரை வந்தது. ஆயர் தாளைக் கீழே வைத்தார். பிறகு ஒழுங்கு முறைப் புத்தகத்தை எடுத்தார். பக்கம் அகப்படவில்லை. எச்சில் தொட்டுத் திருப்பினார்.

"என்ன தடைம்மா?"

"இன்னிக்கு ஆறு மணிக்கு இவனுக்கு பிளைட் ஐயா."

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். ஆயர் சிரிக்கவில்லை. பக்கத்தைக் கண்டுபிடித்திருந்தார். நிதானமாக வாசித்தார். இருவரில் ஒருவருக்கு ஏற்கெனவே விவாகம் ஆகி அந்தத் துணை உயிரோடிருப்பது. விலக்கப்பட்ட இரத்த உறவு. வயது நிறையாதது. இருவரில் ஒருவருக்குச் சம்மதமில்லாதது.

"பிளைட் இதுல வரலம்மா."

"முதல் தடையில வரும் ஐயா" என்றார் ரத்தினபாய். "அந்த வேலையத்தான் இவன் முதல்ல கட்டிகிட்டான். அது இன்னும் உயிரோட இருக்கு. ஒரு வாரம் விட்டுட்டு இருந்தா செத்துடும்."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது ரத்தினபாயின் கண்கள் நிரம்பியிருந்ததை முன் பெஞ்சுக்கு எதிரே உட்கார்ந்திருந்த அபிகாயில் பார்த்தாள். அந்த அம்மா மேல் அதற்குப்பின் அவளால் வருத்தப்பட முடியவில்லை.

ஆயர் புத்தகத்தை மூடினார். "வேல தடையில்லம்மா. சம்மதமில்லன்னாதான் தடை. அதையும் நீங்க சொல்ல முடியாது. அவங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் சொல்லணும்."

இருநூற்றைம்பது தலைகள் இடப்பக்கம் திரும்பின. ஜாய்சன் எழுந்தான். எழும்போது முழங்கால் பெஞ்சில் இடித்தது. ஆயருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் ஓடிவந்து மைக்கை நீட்டினார்; அவன் அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டான். பக்கத்திலிருந்தவர் திருப்பிக் கொடுத்தார்.

அபிகாயில் பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு ஐயா" என்றான் ஜாய்சன். ஸ்பீக்கரில் அது எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. "ரெண்டு நாளா நான் தூங்கல. வேல போயிடும்னு பயம். போகலன்னாலும் அடுத்த மாசம் வேற ஒரு ரூல் வரும்னு பயம். அம்மா சொல்றது தப்புன்னு என்னால சொல்ல முடியல. ஆனா நீங்க கேக்கறது தடை இருக்கான்னுதான?"

"ஆமா தம்பி."

"தடையில்ல. எனக்கு அபிதான் வேணும். வியாழக்கிழமைதான் வேணும்."

சபையில் கைதட்டுவது வழக்கமில்லை. இரண்டு மூன்று பேர் தட்டத் தொடங்கி, அசடு வழிய நிறுத்தினார்கள். லாசரஸ் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

ஆயர் முகம் மலர்ந்து தாளை எடுக்கப்போனார். "அப்போ செவ்வாய்க்கிழமை..."

"ஐயா, என்னையும் கேக்கணும்" என்றாள் அபிகாயில்.

மைக் அவளிடம் வரவில்லை. வேண்டியும் இருக்கவில்லை, பாடிப் பழகிய குரல்.

"எனக்குச் சம்மதம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். கல்யாணம் ஆனதும் வேலைய விட்டுட்டு இவரோட கிளம்பறதா பேச்சு. நான் விடப்போறதில்ல. அந்த ஊரு ஒரு ராத்திரில கதவ சாத்துது, மறுநாள் தெறக்குது. ரெண்டு பேருமே அந்த வாசல்ல போயி நிக்க வேணாம். அங்க ஒழுங்காற வரைக்கும் நான் இங்க என் பேஷன்ட்டுங்களோட இருக்கேன். இவரு ஒத்துக்கிட்டா தடையில்ல. ஒத்துக்கலன்னா இது தடைதான்."

ஆயர் புத்தகத்தைத் தொட்டார், எடுக்கவில்லை. இதற்கு அதில் பக்கம் இருக்காதென்று அவருக்கே தெரிந்துவிட்டது. ஜாய்சனைப் பார்த்தார். ஜாய்சன் அம்மாவைப் பார்க்கவில்லை. அதை முதலில் கவனித்தது அபிகாயில்தான்.

"விடாதே" என்றான். மைக் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. "என் வேல போச்சுன்னா யாராவது சம்பாதிக்கணும்ல."

இந்த முறை சிரிப்பை யாரும் இருமலாக மாற்றவில்லை. ரத்தினபாய் மெல்ல உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து போனை எடுத்து, ஆராதனை நடுவில் போன் எடுக்கக் கூடாதென்று ஐக்கியத்தில் அவரே போட்ட சட்டத்தை மறந்து, டிக்கெட்டை வெள்ளிக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று தேடத் தொடங்கினார். பக்கத்திலிருந்த பெண் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவருக்கு எழுத்தைக் காட்டினாள்.

"மூன்றாம் முறை. தடையில்லை" என்றார் ஆயர், தாளில் இல்லாத வார்த்தைகளையும் சேர்த்து. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை அவர் அறிவிக்க மறந்தே போனார். ஆர்கன்காரருக்குத் தலையசைத்தார்.

ஜாய்சன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். உட்காரலாம் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. பக்கத்திலிருந்தவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அதற்குள் பாட்டின் முதல் சுரம் எழுந்தது. பாட்டுக்குச் சபை எழுந்து நிற்க வேண்டும். பெஞ்சுகள் கிரீச்சிட, ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஒருசேர எழுந்து அவனோடு நின்றன. ஆல்ட்டோ தொடங்கவேண்டிய இடத்தில் ஒரே குரல்தான் கேட்டது. அபிகாயிலுக்கு முதல் வரிக்கு மூச்சு கிடைக்கவில்லை. இரண்டாவது வரியில் சேர்ந்துகொண்டாள்.