கன்வர்ட்டருக்குப் பின்னால் ஒரு குமிழி

ஜூன் 16, 2025, திங்கள்.
இன்றைய தவறு: புகை டெஸ்டுக்கு வரிசையில் நின்றபோது பெட்ரோலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து வைத்தேன். முறை வருவதற்குள் சூடு ஆறிவிட்டது. கன்வர்ட்டர் நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும் என்று போன வாரம்தான் வகுப்பில் எழுதிக்கொண்டேன். நோட்டில் இருந்தது, தலையில் இல்லை. கார்பன் மோனாக்சைடு அளவுக்கு மேல். ஃபெயில்.
நாளை: வண்டியைப் பூந்தமல்லி வரை ஓட்டிச் சூடேற்றி, அணைக்காமல் டெஸ்டுக்கு விட வேண்டும்.

எழுதி முடித்த ஸ்ரீநாத், 'ஃபெயில்' என்ற சொல்லுக்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டான்.

"ஒரு நாளைக்கு ஒரு தப்புதான் எழுதுவியா ஸ்ரீ? பக்கம் பத்துதா?" என்றாள் மனைவி ரேஷ்மா, ஈரக் கையைத் துடைத்தபடி.

ஸ்ரீநாத்துக்குப் பகலில் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை. வாரத்தில் மூன்று மாலை அங்கேயே ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் இன்ஜின் பழுது கண்டுபிடிக்கும் வகுப்பு. வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து டைரியும் சேர்ந்துகொண்டது. ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டு வந்தாலும், முடுக்கினோமா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் அவன். எழுதி வைத்தால்தான் தூக்கம் வரும்.

இத்தனைக்கும் காரணம் நூம்பல் ஃபிளாட்டின் கார் பார்க்கிங்கில் நிற்கும் அந்த நீலநிற டர்போ கார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன்னால் வைத்திருந்தவர் வேகப் பித்துப் பிடித்தவர். புகையிலிருக்கும் நச்சைச் சுட்டு அடக்கும் கன்வர்ட்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் குழாயை மாட்டியிருந்தார். இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவின் அழுத்தத்தையும் கன்னாபின்னாவென்று ஏற்றியிருந்தார். காலை அழுத்தினால் பட்பட்டென்று வெடிக்கும். தெரு நாய்கள் காம்பவுண்டு தாண்டும். ஓட்டும்போது ஸ்ரீநாத்துக்கு ஒரு பக்கம் குஷி, ஒரு பக்கம் கண்ணாடியில் பின்னால் வரும் டூவீலர்காரன் முகத்தைப் பொத்திக்கொள்வதைப் பார்த்து வெட்கம். சக்தியும் வேண்டும், புகையும் அடங்க வேண்டும். முடியும் என்றுதான் புத்தகம் சொன்னது.

அதனால் இன்ஜின் கம்ப்யூட்டரில் பெட்ரோல் அளவையும் டர்போ அழுத்தத்தையும் தீர்மானிக்கும் புரோகிராமை அவனே உட்கார்ந்து திருத்தினான். மெக்கானிக்குகள் அதை 'மேப்' என்பார்கள். அழுத்தம் கம்பெனி கொடுத்ததைவிடக் கொஞ்சம் கூட, பழைய ஓனர் வைத்ததைவிட ரொம்பக் குறைய. புதுக் கன்வர்ட்டரைக் கோவில்பதாகையில் ஷெட் வைத்திருக்கும் முகமது ஆசிக் வெல்டிங் செய்து கொடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை. கூலி என்று வாயெடுத்ததற்கே ஸ்பேனரைக் காட்டி மிரட்டினான். ஊர்விட்டு ஊர் வந்த ஸ்ரீநாத்துக்கு இந்தப் பக்கத்தில் நண்பன் என்று சொல்லிக்கொள்ள இருப்பது அவன் ஒருவன்தான்.

ரேஷ்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவள் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பார்க்காமல் கையெழுத்துப் போடச் சொல்கிறவர்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு வருகிறவள்.

"புகை டெஸ்ட்ல நேர் வழியில பாஸாகணும். இருக்கற சர்டிஃபிகேட் வெள்ளிக்கிழமையோட முடியுது. அதுக்குள்ள ஆகலேன்னா மூணாவது மாடி கிருபாகரனுக்குக் குடுத்துடு. தேதி இல்லாத வேலை வேலையே இல்ல."

கிருபாகரன் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், "எப்ப சார் தர்றீங்க வண்டிய? அந்த டப்பாவக் கழட்டிக் கடாசிட்டு ஒரு ரவுண்டு போகணும்" என்று சிரிப்பான். கன்வர்ட்டரைத்தான் டப்பா என்பான்.

செவ்வாய்க்கிழமை வண்டியைச் சூடு ஆறாமல் கொண்டுபோனான். வேலப்பன்சாவடியில் பெட்ரோல் பங்க்கை ஒட்டி நிற்கும் வேன்தான் டெஸ்ட் நிலையம். அதை நடத்தும் சபீனா புகைக்குழாய்க்குள் அளக்கும் கம்பியை நுழைத்துவிட்டு கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"கார்பன் மோனாக்சைடு ஓகே சார். நேத்துக்கு இன்னிக்கு எவ்ளோ தேவல. இப்ப ரேஸ் பண்ணுங்க... ரெண்டாயிரத்தைநூறுல புடிங்க... அப்டியே." திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். "லாம்டா இடிக்குது சார். ஒண்ணு புள்ளி பூஜ்யம் ஆறு காட்டுது. ஒண்ணு புள்ளி பூஜ்யம் மூணுக்கு மேல போகக் கூடாது."

லாம்டா என்பது காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் எரிகிறதா என்பதன் கணக்கு. சரியாக ஒன்று இருந்தால் உத்தமம். கூடினால் காற்று அதிகம். ஸ்ரீநாத் மனதுக்குள் கணக்குப் போட்டான். காற்று அதிகம் என்றால் பெட்ரோலைக் குறைவாகக் கொடுக்கிறோம். பெட்ரோல் அளவைத் தீர்மானிப்பது மேப். மேப்பை எழுதியது நான்.

நேராகக் கோவில்பதாகைக்குப் போனான்.

"இன்னா மாமே, மூஞ்சி தொங்கிகினு கீது?" என்றான் ஆசிக், ஒரு வேனின் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி.

"லாம்டா ஃபெயில். மேப்ல எங்கயோ கோட்டை விட்டிருக்கேன்."

"ஒனக்கு வண்டி ஸ்டார்ட் ஆனாலே சந்தேகம். எனுக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் வேற எடத்துல டெஸ்ட் வேன் வச்சிகினு கீறான். கம்பிய அவன் வண்டில சொருவிட்டு, ஒன் நம்பருக்கு பேப்பர் அடிச்சிக் குடுத்துடுவான். டீ குடிக்கிற நேரம்."

"ரேஷ்மாவுக்குத் தெரிஞ்சா?"

"ஆமாம்பா, தங்கச்சி பேப்பரையே டெஸ்ட் பண்ணும்." சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

ஸ்ரீநாத் தயங்கித் தயங்கிக் கேட்டான். "பைப்புல எங்கயாவது காத்து..."

"எங்க? என் வெல்டிங்கிலயா?" ஆசிக் நெஞ்சில் கை வைத்தான். "மச்சான், என் வெல்டிங்ல காத்து பூந்துச்சின்னா ஷெட்ட இஸ்து மூடிட்டு பிரியாணிக் கடை போட்டுக்கறேன். போ, போய் ஒன் லாப்டாப்பப் பாரு."

ஸ்ரீநாத் போய் லாப்டாப்பைப் பார்த்தான். மேப்பில் பெட்ரோலை ஒரு சிட்டிகை கூட்டி ஏற்றினான். புதன்கிழமை காலை ஆபீஸுக்குப் போகும் முன் மறுபடியும் சபீனாவிடம் போனான். அதே ஒன்று புள்ளி பூஜ்யம் ஆறு. அங்கேயே ஓரமாக நிறுத்தி, லாப்டாப்பை மடியில் வைத்து இன்னும் கொஞ்சம் கூட்டினான். அசையவில்லை. "சார், ஒங்க வண்டி நம்பர் எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு" என்றாள் சபீனா.

அன்று வகுப்பு முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவன் தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"இன்ஜின்ல சொந்தமா ஒரு சென்சார் இருக்கு ரேஷ்மா. ஸ்கேனர்ல போட்டா அது ஒண்ணுன்னு காட்டுது, துல்லியமா. சபீனாக்கா மெஷின் மட்டும் கூடக் காட்டுது. ஏன்னே புரியல."

"அந்த மெஷின் தப்பா இருக்குமோ?"

"மத்த வண்டியெல்லாம் பாஸாகுதே."

"அப்ப உன் சென்சார்?"

"புதுசு. ரெண்டு தடவ பாத்துட்டேன்."

ரேஷ்மா சட்னியை அவன் பக்கம் தள்ளினாள். "எங்க லைன்ல ரெண்டு மீட்டர் ரெண்டு விதமாக் காட்டுனா, ரெண்டும் சரின்னா, பொருளத் தொட மாட்டோம். ரெண்டுக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னுதான் பாப்போம். உன் சென்சார் எங்க இருக்கு?"

"கன்வர்ட்டருக்கு முன்னாடி."

"அவங்க கம்பி?"

"குழாயோட கடைசில."

"நடுவுல?"

ஸ்ரீநாத் தோசையைத் தட்டில் போட்டான். நடுவில் கன்வர்ட்டர், அதற்குப் பின்னால் நீண்ட குழாய். அந்த வழியில் எங்கோ ஊசித்துளை இருந்தால் போதும். புகை போகிற வேகத்தில் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். மேப்பில் எவ்வளவு கூட்டினாலும், சென்சார் சொல்வதை வைத்து இன்ஜின் தானே குறைத்துக்கொண்டு சரியாகத்தான் எரிக்கும்; கடைசியில் அளக்கிறவர்களுக்குக் காற்று கூடத் தெரியும். வகுப்பில் நடத்திய பாடம்தான். செவ்வாய்க்கிழமை ஷெட்டில் அவன் நாக்கு நுனிவரை வந்ததும் இதுதான். ஆனால் சென்சாருக்கும் குழாய் முனைக்கும் நடுவே இருக்கிற ஒவ்வொரு இணைப்பும் ஆசிக் கைபட்டது. தன்மேல் பழியைப் போட்டுக்கொள்வது ஸ்ரீநாத்துக்குப் பழகிய செருப்பு மாதிரி. கால் தானாக நுழைந்துவிடும். இன்னொருவனிடம் போய், அதுவும் இவனிடம் போய், 'உன் வேலை சரியில்லை' என்பதற்குத்தான் நாக்கு புரளவில்லை.

வியாழக்கிழமை ஆபீஸ் விட்டு வரும் வழியில் ஒரு உதிரி பாகக் கடையில் சைலன்சர் ஓட்டையை அடைக்கும் பேஸ்ட் ஒரு டியூப் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். வீட்டுக்கு வந்து ரேஷ்மாவின் வாக்குவம் கிளீனரைத் தூக்கிக்கொண்டு பார்க்கிங்குக்கு இறங்கினான்.

"அதுல சோபா தொடைக்கணும் ஸ்ரீ!" என்று பின்னாலேயே வந்தாள் அவள்.

"இழுக்கறதுக்கு இல்ல, ஊதறதுக்கு."

வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டு கொடுத்தான். கிளீனரின் குழாயை, காற்றை வெளியே தள்ளும் பக்கம் மாட்டி, புகைக்குழாய் முனையில் பழந்துணி சுற்றிச் செருகினான். சுவிட்சைப் போட்டதும் வாட்ச்மேன் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் நிரப்பிக்கொண்டு அடியில் படுத்தான். முதல் இணைப்பு, ஒன்றுமில்லை. சைலன்சர் பக்கம், ஒன்றுமில்லை. கன்வர்ட்டர் முடிகிற இடத்து வெல்டிங்கின் அடிப்பக்கம் நாணயம் அடுக்கியதுபோல் அழகாக இருந்தது, அங்கும் ஒன்றுமில்லை. ஆனால் அதன் மேல்பக்கம் கண்ணுக்கு எட்டாது. வண்டியின் அடித்தளத்துக்கும் குழாய்க்கும் நடுவே கைதான் நுழையும்.

"உன் கைக்கண்ணாடி குடு."

கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, மேலே ஸ்பிரே அடித்தான். ஒரு குமிழி. கடுகளவில் தொடங்கி, கோலிக்குண்டாகி, உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று.

ஸ்பிரே பாட்டிலைத் தரையில் வைத்தான்.

"இருக்கா?" என்றாள் ரேஷ்மா குனிந்து.

"இருக்கு."

வெளியே வந்து பையிலிருந்த டியூபை எடுத்தான். அதை அவள் வாங்கி, பின்னால் அச்சடித்திருந்ததைப் படித்தாள்.

"கடையில ஏறி இத வாங்கிட்டு வந்திருக்க. அப்ப கீழ படுக்கறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியும்."

"இதப் போட்டா நாளைக்கு பாஸாயிடும். ஆசிக்கிட்ட, பைப் கிளாம்ப்ப நான்தான் சரியா முடுக்கலன்னு சொல்லிடுவேன். முடிஞ்சு போச்சு."

"எத்தன நாள் நிக்கும்?"

"டர்போ சூட்டுக்கு... ஒரு மாசம்."

"அப்பறம் மறுபடி ஓட்டை. மறுபடி உன் தப்பு. டைரிக்கு நல்லதுதான்." டியூபை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "நாளைக்கு அவர் இன்னொருத்தன் வண்டிக்கும் இதே மாதிரி மேல்பக்கம் விட்டுட்டுப் போடுவாரு. ஆசிக் அண்ணாகிட்ட நீ நல்லவன்னு பேரு வாங்கணுமா, இல்ல சொல்லணுமா? நீ பாத்துக்க." மேலே போய்விட்டாள்.

கிளீனர் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. ஸ்ரீநாத் போனை எடுத்து ஆசிக்குக்கு வீடியோ கால் போட்டான். பேச வராது என்று தெரிந்ததால் பேசாமலே வண்டிக்கு அடியில் நகர்ந்து, கண்ணாடியைச் சாய்த்து, போனை அதற்கு நேரே பிடித்தான்.

"இன்னாபா, இருட்டா கீது... இது இன்னா, நுரை?" ஆசிக் குரல் சட்டென்று நின்றது. குமிழி ஊதி உடைந்தது. "இன்னொரு தபா அடி." அடித்தான். "கண்ணாடிய சோத்தாங்கைப் பக்கம் திருப்பு. ஹ்ம்."

பின்னால் ஷெட்டில் யாரோ எதையோ சுத்தியலால் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஸ்ரீநாத் கண்ணை மூடிக்கொண்டான்.

"மாமே."

"சொல்லு."

"பிரியாணிக் கடைக்கு எடம் பாரு."

ஸ்ரீநாத்துக்குச் சிரிப்பு வந்ததில் தலை சைலன்சரில் இடித்தது.

"சிரிக்காத. பைப்ப முழுசாக் கழட்டாம மேல வச்சே போட்டேன்ல, அங்கதான் வெல்டிங் டார்ச்சு எட்டல. எட்டிச்சின்னு நெனச்சிகினேன்." குரல் இறங்கியது. "செவ்வாக்கெழமயே கேக்க வந்த இல்ல நீ? நான்தான் வாய அடைச்சிட்டேன். ஏன்டா, அன்னிக்கே சட்டையப் புடிச்சிக் கேக்கறதுக்கு இன்னா?"

"ஒருவேள என் மேப்பா இருக்குமோன்னு..."

"ஒன் மேப்பு! காலைல கடை தொறக்கறதுக்கு முன்ன வந்துடு. பைப்பக் கழட்டி, சுத்திவரப் போட்டுத் தரேன். அந்த ஊதற மெஷினயும் எத்துகினு வா. இனிமே அத்த வச்சிப் பாக்காம ஒரு வண்டியயும் வெளிய உடறதில்ல."

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டான். ஆசிக் முதலில் பழைய வெல்டிங்கைத் தேய்த்து எடுத்தான். குழாயைத் திருப்பித் திருப்பி முழு வட்டமும் போட்ட பிறகு, சோப்புத் தண்ணீரை அவனே அடித்தான். தண்ணீர் வழிந்து சொட்டியது, குமிழி எழவில்லை. மறுபடி அடித்தான். மூன்றாவது தடவைதான் திருப்தி.

"இப்ப நீ டைரி எழுதறவன் மாதிரி ஆயிட்டே" என்றான் ஸ்ரீநாத்.

"வாய மூடிகினு வண்டிய எடு. சூடு ஆறிடப் போவுது."

வேலப்பன்சாவடியில் வரிசையில் நான்கு வண்டிகள். இன்ஜினை அணைக்கவில்லை. சபீனா கம்பியை நுழைத்தாள். "ரெண்டாயிரத்தைநூறு... புடிங்க." அவன் திரையைப் பார்க்காமல் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு புள்ளி பூஜ்யம் பூஜ்யம். பாஸ் சார்." நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்தாள். "இனிமே ஒரு வருஷத்துக்கு இந்தப் பக்கம் வராதீங்க."

சாயங்காலம் லிஃப்டில் கிருபாகரன், "என்ன சார், இன்னிக்குத்தானே தேதி?" என்றான். ஸ்ரீநாத் சட்டைப் பையிலிருந்த சர்டிஃபிகேட்டை எடுத்துக் காட்டினான். கிருபாகரன் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தான். "டப்பாவோடயா?"

"டப்பாவோட."

வீட்டுக்குள் ரேஷ்மா சோபாவைத் துடைக்கக் கிளீனரைப் போட்டுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹால் முழுக்கப் புகை நாற்றம்.

ஜூன் 20, வெள்ளி.
பாஸ். ஞாயிறு மதியம் ஆசிக் வீட்டில் பிரியாணி, அவனே செய்கிறானாம்.
இன்றைய தவறு: தவறு இன்றையது அல்ல. செவ்வாய்க்கிழமை கேள்வியைப் பாதியில் விழுங்கியது. அதற்குப் பிறகு செய்த இரண்டு டெஸ்டும் தேவையில்லாதவை.
மேப்பில் கூட்டிய பெட்ரோலை இன்னும் பழைய அளவுக்குக் குறைக்கவில்லை.
நாளை: மேப்பைப் பழையபடி ஏற்ற வேண்டும். அதற்கு முன்னால், வாக்குவம் கிளீனருக்குப் புதுக் குழாய் வாங்க வேண்டும்.