ஒரு அட்டைக்கு ஒரு ஆள்

அரை டம்ளர் போதும். அதற்கு மேல் ஒரு வாய் வைத்தாலும் பதினோரு மணிக்கு வந்து நிற்கும். அரையில்கூடப் பாதி போதும். மாத்திரை தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எச்சிலை விழுங்கிக் கீழே அனுப்பிவிடலாம்.

"கிளம்பலாமா அண்ணி?" என்று நாத்தனார் வாசலிலிருந்து கேட்டாள்.

"இதோ" என்று அவள் மிச்சத் தண்ணீரைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

இன்னும் விடியவில்லை. தெருவின் குழிகள் நாத்தனாருக்கு மனப்பாடம். அண்ணி உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலியை வளைத்து வளைத்துத் தள்ளிப் போனாள். நாற்காலியின் முதுகில், இருவரும் வேலை செய்யும் சட்டைக் கம்பெனியின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. போன வருஷம் துணிச் சுருள்கள் அடுக்கிய ராக் அவள்மேல் சாய்ந்தபோது முதலாளியே ஆஸ்பத்திரிக்கு வந்து கொடுத்த நாற்காலி. போட்டோ எடுத்தார்கள். "தையலுக்குத்தாம்மா கால் வேணும், செக்கிங்குக்குக் கண்ணு போதும்" என்று வேலையும் கொடுத்தார். மகராசன் என்றார்கள் எல்லோரும். அவளும் சொன்னாள்.

செக்கிங் மேஜை நின்று வேலை செய்கிறவர்களுக்காகப் போட்டது. அவளுக்கு அது கழுத்துக்கு வந்தது. அதனால் மடியில் ஒரு பலகையை வைத்து அதில் சட்டையை விரிப்பாள். காலர், கை மடிப்பு, பக்கத் தையல், லேபிள். தப்பு இருந்தால் சிவப்பு அம்பு ஒட்ட வேண்டும். மணிக்கு எழுபது சட்டை. பஞ்சுத் தூசி புருவத்தில் இறங்கும்; துடைக்க நேரமில்லை. இந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு தையல் பிசகினால்கூட அவள் விரல் அங்கே தானாக நின்றுவிடும்.

டாய்லெட் சலவைப் பகுதிக்குப் பின்னால் இருந்தது. ஏற இரண்டு படி. கதவு நாற்காலியைவிட நாலு விரல் குறுகல். அவளே கையை வைத்து அளந்திருந்தாள். லைனுக்கு ஒரு மஞ்சள் அட்டை உண்டு. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் டாய்லெட்டுக்குப் போக வேண்டும். ஐம்பது பேருக்கு ஒன்று. அவளைத் தூக்கிப் போக இரண்டு பேர் வேண்டும்.

"ஒரு அட்டைக்கு ஒரு ஆள்" என்றான் சூப்பர்வைசர் முதல் வாரமே. லைனில் அவனுக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர். "மூணு பேரா கிளம்பிப் போக இதென்ன கல்யாண வீடா?"

"உன்னைக் கூப்பிட்டா நடக்குற கல்யாணமும் நின்னுடும்" என்றாள் பட்டன் துளை மெஷினில் இருந்த காஜாக்கா.

சிரித்தார்கள். ஆனால் மறுநாள் அவளோடு கூடப் போன இருவருக்கும் அரை நாள் ஆப்சென்ட் விழுந்தது. படியை எடுத்துவிட்டுச் சரிவு போட வேண்டும், கதவை அகலமாக்க வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். மூன்று முறை எழுதினாள். ஸ்டாப்வாட்ச் ஒவ்வொன்றையும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மேலே சொல்கிறேன் என்றான். பிறகு அவள் கேட்கவில்லை. தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

அன்றைக்கு உடம்பு காலையிலிருந்தே அனலாகக் கொதித்தது. வெள்ளைச் சட்டைகள் வந்துகொண்டிருந்தன. முடித்தவற்றைப் பலகைக்கு அடியில், தொடைமேல் அடுக்கியிருந்தாள். எடுத்துக் கட்டப் போனபோது அடியிலிருந்த மூன்றும் நனைந்திருந்தன. யாரோ தண்ணீர் கொட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். நிறத்தைப் பார்த்த பிறகே புரிந்தது. இடுப்புக்குக் கீழே அவளுக்கு எதுவும் தெரியாது. ஈரத்தைக்கூடக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். இப்போது வெட்கம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மூன்று சட்டையிலும் தையல் நன்றாக இருந்தது என்று தோன்றியது.

"எக்ஸ்போர்ட் பீஸ்! மூணு பீஸ்!" ஸ்டாப்வாட்ச் கத்தினான்.

காஜாக்கா மெஷினை விட்டு எழுந்து வந்தாள். அட்டை கேட்கவில்லை. நாலு பேராகச் சேர்ந்து அவளைத் துணி ராக்குகளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்த் துடைத்து, தள்ளுபடிச் சட்டைகளில் இரண்டை இடுப்பில் சுற்றினார்கள்.

"ரிஜெக்ட் துணிடி, கோவிச்சுக்காதே. இடுப்பு என்னவோ முதல் தரம்தான்" என்றாள் காஜாக்கா.

நாத்தனார் முழங்காலிட்டு முடிச்சுப் போட்டாள். "எத்தனை நாளா அண்ணி தண்ணி குடிக்கல?"

"குடிக்கிறேனே."

"பொய் சொல்லாதீங்க. தினம் கவிழ்க்கிறீங்க. டம்ளர் கழுவுறீங்கன்னு நினைச்சேன் நான், பாவி."

நாத்தனார் அழுதாள். அவள் நாத்தனாரின் தலையில் ஒட்டியிருந்த நூலை எடுத்தாள். யாருக்காகவோ அழுகிறாள் என்பதுபோல இருந்தது.

ஒரு மணி நேரத்தில் ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. ஆபீஸ் வாசலில், துணி வாங்க வருகிறவர்களின் பெட்டிகள் உருண்டு போவதற்காக வழுவழுப்பாக ஒரு சரிவு போட்டிருந்தார்கள். கண்ணாடிக் கதவு அகலமானது. இந்தக் கட்டடத்தில் நாற்காலி எங்கும் உரசாமல் உள்ளே போனது இதுவே முதல் தடவை. சரிவு போடத் தெரியாதவர்கள் இல்லை இவர்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"உக்காரும்மா" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு முதலாளி நாக்கைக் கடித்துக்கொண்டார். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். வீட்டுலயே இரு. நூல் வெட்டுற வேலை அனுப்பி வைக்கிறேன். நீயா கேட்டுக்கிட்டதா இதுல ஒரு கையெழுத்துப் போடு."

'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று ஆரம்பித்தது காகிதம்.

"ரெண்டு படியை எடுத்துட்டு, கதவை நாலு விரல் அகலப்படுத்தினா போதும் சார்." வேறு யாரோ எழுதியதை வாசிப்பதுபோல வந்தது குரல்.

"நாலு விரல்னு லேசாச் சொல்ற. சுவரை உடைக்கணும், பைப்பை மாத்தணும். ஒருத்திக்காக முந்நூறு பேரோட டாய்லெட்டை மூணு நாள் மூடச் சொல்றியா? அவங்களையே கேட்டுப் பாரு, ஒத்துக்குவாங்களா?"

கதவு திறந்தது. காஜாக்கா, நாத்தனார், இன்னும் நாலு பேர். மேஜைமேல் ஆறு மஞ்சள் அட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"ஆறு லைன் அட்டையும் இருக்கு சார். ஒரு அட்டைக்கு ஒரு ஆள்னு உங்க சட்டம். ஆறு பேர் இவளைத் தூக்கிட்டுப் போறோம். இன்னிக்கில்ல, தினமும்" என்றாள் காஜாக்கா.

"தூக்க வேண்டாம்க்கா" என்றாள் அவள்.

காஜாக்காவின் முகம் அடிபட்டதுபோல ஆனது. முதலாளி சிரித்தார். "பாத்தீங்களா? அவளே வேண்டாங்குறா."

"அண்ணி வேண்டாம்னது எங்க கையைத்தான். கதவை இல்ல" என்றாள் நாத்தனார்.

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். "நானே போகணும்க்கா. அதுக்கு மூணு நாள் டாய்லெட்டை மூடணுமாம். நீங்க ஒத்துக்க மாட்டீங்களாம்."

அவர்களில் ஒருத்தி ஏழு மாதம். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மூன்று நாள் டாய்லெட் இல்லை என்றால் என்ன என்று முதலாளியைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஏழு மாதக்காரிதான் பேசினாள். "மூடட்டும். மூணு நாளும் இங்க வரோம். ஆபீஸ் டாய்லெட் இருக்கே. வழியும் வழுவழுன்னு இருக்கு."

"என் ஆபீஸுக்கா?"

"முந்நூறு பேரும்" என்றாள் காஜாக்கா. "அட்டை இல்லாம. இங்கயும் சரி, அங்கயும் சரி, இனிமே அட்டையே கிடையாது. அதையெல்லாம் நீங்களே வச்சுக்குங்க."

கண்ணாடிக்கு வெளியே லைன்களிலிருந்து ஆட்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். ஸ்டாப்வாட்ச் ஏதோ கத்தினான். உட்கார்ந்தவர்கள் சிலர், உட்காராதவர்கள் பலர்.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "சரி சரி, பேசிக்கலாம். எல்லாரும் மெஷினுக்குப் போங்க. நீ கையெழுத்துப் போட்டுட்டு வெளிய இரும்மா."

முதலாளி கொடுத்த பேனா அவள் கையில்தான் இருந்தது. விரல்கள் நடுங்குவதைப் பார்த்தாள். பார்ப்பதற்கு முன்பே அது தெரிந்திருந்தது. பேனாவின் மூடியைத் திருகி அடைத்துக் காகிதத்தின்மேல் வைத்தாள். பிறகு குனிந்து, முதலில் இடது சக்கரத்தின் பிரேக்கையும் அடுத்து வலது சக்கரத்தின் பிரேக்கையும் அழுத்திப் போட்டாள்.

"இங்கேயே இருக்கேன் சார்" என்றாள்.