வீட்டுச் சாமான்

காசு கட்டும் வரிசையில் சாரங்கனுக்கு முன்னால் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம் என்றபோது, போன் திரையில் ஒரு புதிய வரி வந்து நின்றது. முருங்கைக்காய். அவன் வரிசையை விட்டு விலகி, பின்னால் நின்ற பெண்ணுக்கு வழிவிட்டு, மரக்கறிப் பக்கம் திரும்பப் போனான். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் அந்தக் கடையின் நடைபாதைகளில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக வந்தால் ஒருவர் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். சனிக்கிழமை என்றால் எல்லாரும் இழுத்துக்கொண்டேதான் நடப்பார்கள். முருங்கைக்காய்களில் நல்லதாக இரண்டைத் தெரிந்தெடுத்துக்கொண்டு வந்து திரும்பவும் வரிசையின் கடைசியில் நின்றான்.

கடைக்காரர் நீக்கிலாப்பிள்ளை மன்னார்க்காரர். ஆளைப் பார்த்தாலே ஒரு பகிடி சொல்லாமல் விடமாட்டார். "வீட்டிலையிருந்து ஓடர் வந்திட்டுது போலை" என்றார். சாரங்கன் "ஓம் அண்ணை" என்றான். அது பொய்யும் இல்லை. ஓடர் வீட்டிலிருந்துதான் வந்தது. ஆனால் அந்த வீடு இப்போது அவனுடையது இல்லை, ஓடரும் அவனுக்கு இல்லை.

எழுதியவள் பிரஷாந்தினி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் லவாலில் இருக்கும் அவன் மனைவி. சட்டப்படி இன்னும் மனைவிதான். போன இலையுதிர்காலத்தில் இருவரும் பிரிந்தார்கள். அடிபிடி இல்லை, மூன்றாம் ஆள் இல்லை, பேசித் தீர்க்கப் பெரியவர்களும் வரவில்லை. பிள்ளைகள் இல்லாததால் யாருக்காகவும் நடிக்கவும் தேவையிருக்கவில்லை. அவன் வேலையால் வந்து, சாப்பிட்டு, சோபாவில் போனோடு சாய்ந்துகிடந்த ஒரு பின்னேரம், அவள் துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "நான் போகச் சொல்லிறன் எண்டு நினைக்காதேங்கோ. உங்களோடை இருக்கேக்குள்ளையும் நான் தனியத்தானே இருந்தனான்." அவன் என்ன பதில் சொன்னான் என்று இப்போது ஞாபகமில்லை.

பிறகு சாமான்களைப் பிரித்தார்கள். பார்க் எக்ஸ்டென்ஷனில் அவன் எடுத்தது ஒரு ஒன்றரை. மொன்றியலில் வீட்டை இப்படித்தான் சொல்வார்கள்: இருப்பதும் படுப்பதும் சமைப்பதும் ஒரே அறை, குளியலறை அரை. அதற்குள் என்ன கொள்ளும்? ஒரு கட்டில், ரைஸ் குக்கர், ஐயாவின் படம், மூலை வெடித்திருந்ததால் அவள் வேண்டாம் என்ற டேப்லெட். மிச்சம் எல்லாம் லவாலிலேயே நின்றது. ஆனால் ஒன்றைப் பிரிக்க இருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அது அந்தக் குறிப்பெழுதும் செயலி.

கல்யாணமான புதிதில் அவள்தான் அதைப் போட்டாள். தன் ஈமெயிலிலேயே கணக்கைத் திறந்து, அவனுடைய போனிலும், வேலையிடத்துக் கொம்பியூட்டரிலும், குசினியில் வைக்கிற டேப்லெட்டிலும் அவளே இறக்கிக் கொடுத்தாள். ஒரு இடத்தில் எழுதினால் எல்லா இடத்திலும் தெரியும். 'வீட்டுச் சாமான்' என்று ஒரு குறிப்பு. வேலை முடிந்து மெற்றோ ஏற முதல் அவன் அதைப் பார்த்து வாங்கி வர வேண்டும், வாங்கியதற்கு ஒவ்வொன்றாகச் சரி போட வேண்டும், ஏற்பாடு அவ்வளவுதான். அவன் ஒருநாளும் பார்க்கவில்லை. கடைக்குள் நின்றுகொண்டு போன் எடுத்து "என்ன வேணும்?" என்று கேட்பான். "எழுதியிருக்கிறன், பாருங்கோ" என்பாள். போனைக் காதில் வைத்தபடி எப்படிப் பார்ப்பது என்று அவன் எரிந்து விழுவான். எத்தனை வருடம் இந்தக் கூத்து. பிரிந்த பிறகுதான் அவன் அந்தக் குறிப்பை வாசிக்கத் தொடங்கினான். அதுவும் ஒரு எழுத்து விடாமல்.

முதலில் அது ஒரு வசதியாகத்தான் இருந்தது. தனக்கு என்ன வாங்குவது என்று தெரியாமல் கடைக்குள் நின்ற ஒரு நாள், பழக்கத்தில் போனைத் திறந்தான். வெந்தயம், தக்காளி, பால், சிவப்பரிசி மா. அதையே வாங்கிக்கொண்டு போனான். அடுத்த கிழமையும் அப்படியே. அவள் பிட்டு அவிக்கும் நாளில் அவனும் பிட்டு அவித்தான். இஞ்சியும் கொத்தமல்லியும் சேர்ந்து வந்தால் அவளுக்குத் தடிமன் என்று தெரிந்தது. அவள் பிள்ளைகளைப் பார்க்கும் கார்டெரியில் வேலை செய்கிறாள். குளிர் தொடங்கினால் ஒரு பிள்ளையின் மூக்கு மிச்சம் எல்லாருக்கும் சொந்தம். அவனும் கொத்தமல்லி அவித்துக் குடித்தான், தடிமன் இல்லாமலே. ஒருநாள் 'பல்ப், கொரிடோர்' என்று வந்தது. அந்தக் கொரிடோர் பல்பு உயரம். அவன் ஸ்ரூலில் ஏறினாலே கால் விரலில் நிற்க வேண்டும். யார் ஏறப்போகிறார்கள், யார் ஸ்ரூலைப் பிடிக்கப்போகிறார்கள் என்று அன்று முழுக்க வேலையில் மருந்துப் பெட்டிகளுக்கு முகவரி ஒட்டும்போதெல்லாம் யோசித்தான். மூன்றாம் நாள் அந்த வரிக்குச் சரி விழுந்திருந்தது. சந்தோசமாகவும் இருந்தது, நெஞ்சுக்குள் ஏதோ கழன்றதுபோலவும் இருந்தது.

அவன் ஒன்றும் எழுதமாட்டான். சரியும் போடமாட்டான். விரல் தவறிப் பட்டுவிடும் என்று போனை ஓரமாகப் பிடிப்பான். தான் இதற்குள் இருப்பது அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால், ஒருநாள் தெரியவரும், அன்றைக்கு எல்லாம் முடிந்தது. தெரியும் என்றால் ஏன் விட்டு வைத்திருக்கிறாள்? இந்தக் கேள்வியை அவன் கிண்டிப் பார்ப்பதில்லை. அவனுக்கு வேறு யாரும் ஒன்றும் எழுதுவதில்லை. வேலையிடத்தில் 'பொன்ஜூர்', கடையில் 'மெர்சி', நீக்கிலாப்பிள்ளையின் பகிடி. ஒரு கிழமையில் அவனுடைய வாயிலிருந்து வரும் தமிழ் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்துக்குக் காணாது. இந்தக் குறிப்பும் போனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருந்ததற்கே அவனிடம் ஒன்றும் இல்லை.

மாசியில் செயலிக்காரர் ஒரு அறிவித்தல் போட்டார்கள். இலவசக் கணக்கை இனி இரண்டு கருவிகளில் மட்டும்தான் பாவிக்கலாமாம், மிச்சத்தை நீக்க வேண்டுமாம். கீழே கருவிகளின் பெயர்கள் வரிசையாக நின்றன. 'பிரஷா போன்', 'சாரங்கன் போன்', 'சாரங்கன் வேலை', 'குசினி'. எல்லாம் அவள் வைத்த பெயர்கள். 'சாரங்கன் வேலை'யைத் தானே நீக்கினான், அதில் அவனுக்குத் துக்கமில்லை. 'குசினி'யை நீக்கும்போதுதான் கை நின்றது. வெடித்த டேப்லெட் அவனுடைய அடுப்புக்குப் பக்கத்தில் சாய்ந்துகொண்டு, லவால் குசினி என்ற நினைப்பிலேயே இவ்வளவு நாளும் இருந்திருக்கிறது. அழுத்தினான். அது வெறும் கண்ணாடியானது.

பிறகுதான் உறைத்தது. இதே அறிவித்தல் அவளுக்கும் போயிருக்கும். இதே பெயர்களை அவளும் பார்த்திருப்பாள். அந்தக் கிழமை முழுக்க அவன் போனைத் திறக்கும்போதெல்லாம் கதவு சாத்தியிருக்கும் என்று நினைத்தே திறந்தான். சாத்தியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை 'கறுவா' என்று ஒரு வரி வந்தது. அவள் எப்போதும்போல எழுதிக்கொண்டிருந்தாள்.

பங்குனி பிறந்து, தெருவோரப் பனி கறுத்து உருகத் தொடங்கியபோது சாரங்கனுக்கு இன்னொரு கவலை பிடித்தது. ஐயாவின் திவசம் வருகிறது. ஒரே மகன் அவன். ஆனால் நாள் தெரியாது. திதியைக் கோயில் கலண்டரில் பார்த்து வைப்பது பிரஷாந்தினி. "எப்ப?" என்று கேட்பதோடு அவன் கடமை முடிந்துவிடும். கலண்டர் லவால் குசினிச் சுவரில் தொங்கும். ஊரிலிருக்கும் தங்கை யோகராணியைக் கேட்கலாம்தான். கேட்டால் "ஏன், அண்ணி பாக்கேல்லையோ?" என்பாள். பிரிந்ததை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. இங்கிலீஷ் திகதிக்கே படைத்துவிடுவோம், ஐயா கோபிக்கமாட்டார் என்று ஒரு பக்கம் நினைத்தான். ஐயா கோபிக்கிற ஆள்தான் என்று மறுபக்கம் ஞாபகம் வந்தது.

ஒரு புதன்கிழமை, வேலையில் மதியச் சாப்பாட்டு நேரம், போனைத் திறந்தான். பாலுக்கும் பாணுக்கும் கீழே ஒரு இடைவெளி விட்டு எழுதியிருந்தது.

ஐயான்ரை திவசம் வெள்ளிக்கிழமை.

அதற்குக் கீழே சாமான்கள். வாழைக்காய், பூசணிக்காய், பயற்றங்காய், பாகற்காய், கத்தரிக்காய், பயறு, சர்க்கரை, வாழை இலை.

அவன் நாளைத்தான் முதலில் பார்த்தான். பிறகுதான் முதற்சொல்லைப் பார்த்தான். பிரஷாந்தினிக்கு அவர் மாமா. சாகும்வரைக்கும் மாமா, செத்த பிறகும் மாமா. போன வருடம்கூட 'மாமான்ரை திவசம்' என்றுதான் எழுதியிருந்தாள், சரி விழுந்த அந்தப் பழைய வரி குறிப்பின் அடியில் இன்னும் கிடக்கிறது. அந்த மனிதனை ஐயா என்று கூப்பிட உலகத்தில் இரண்டே பேர்தான், ஒருத்தி யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள். தனக்கென்று எழுதினால் அவள் இப்படி எழுதியிருக்கமாட்டாள். ஓ, தெரிந்திருக்கிறது. இவ்வளவு நாளும் தெரிந்திருக்கிறது. வெந்தயமும் பல்பும் இஞ்சியும் அவன் பார்க்கிறான் என்று தெரிந்தே எழுதியிருக்கிறாள். சாரங்கன் சோற்றுப் பெட்டியை மூடிவிட்டு, கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதான்.

வியாழன் பின்னேரம் கடையில் எல்லாவற்றையும் வாங்கினான். வாங்கி, முதன்முறையாக ஒவ்வொன்றுக்கும் சரி போட்டான். வாழைக்காய், சரி. பூசணிக்காய், சரி. வாழை இலை மட்டும் குளிரூட்டியில் கல்லாக இருந்தது, அதற்கும் சரி. வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக் குளித்து, ஒற்றை அடுப்பில் ஒன்றன்பின் ஒன்றாகச் சமைத்தான். பாகற்காய் கருகிவிட்டது. பாயசத்துக்கு இனிப்புக் கூடிவிட்டது, அது ஐயாவுக்குப் பிடிக்கும். படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்து, கற்பூரம் காட்டும்போது புகை எச்சரிக்கை மணி அலறியது. காகத்துக்கென்று பல்கணிக் கம்பியில் வைத்த சோற்றை ஒரு கொழுத்த அணில் வந்து ஆறுதலாக இருந்து தின்றது. இதையெல்லாம் சொல்ல ஒரு ஆள் வேண்டும்போல இருந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் போனை எடுத்தான். எழுதினான், அழித்தான், திரும்பவும் எழுதினான். கடைசியில் சாமான்களுக்குக் கீழே இரண்டு வரி நின்றது.

படைச்சிட்டன்.

நீர் சாப்பிட்டீரோ?

இந்தக் கேள்வியை லவாலில் இருந்த காலத்தில் ஒருநாளாவது கேட்டானா? பின்னேரம் முழுக்க அவன் போனைப் பார்த்தபடி இருந்தான். எழுத்தாக ஒன்றும் வரவில்லை. ஆனால் பொழுது படும் நேரம் அவன் கேள்விக்கு ஒரு சரி விழுந்தது. வாங்கி முடிந்த சாமானுக்கு விழுவதுபோல, வரியின் மேலே மெல்லிய கோடு ஒன்றும் கிழிந்தது. சாப்பிட்டுவிட்டாள் என்று அர்த்தமா? கேட்டது போதும் என்று அர்த்தமா? சாப்பிட்டாள் என்றே வைத்துக்கொண்டு படுத்தான்.

சனிக்கிழமை கடை வாசலில் நின்று போனைத் திறந்தபோது குறிப்பு இல்லை. இந்தக் கருவி கணக்கிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறது, திரும்ப உள்ளே வரக் கடவுச்சொல்லைக் கொடுங்கள் என்று இருந்தது. அவன் உள்ளே போனான். கூடையை எடுத்தான். மரக்கறிகளுக்கு முன்னால் நின்றான். தக்காளி, வெண்டிக்காய், கீரை, எல்லாம் இருந்தன. தனக்கு என்ன விருப்பம் என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை.

கடவுச்சொல் அவனுக்குத் தெரியும். அவர்கள் முதலில் இருந்த வீட்டின் இலக்கமும் அவளின் அம்மாவின் பெயரும். மாற்றியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டுதான் அடித்தான். மாற்றவில்லை. கதவு பாதி திறந்தது. ஏற்கெனவே இரண்டு கருவிகள் இருக்கின்றன, நீங்கள் வருவதென்றால் ஒன்றை நீக்குங்கள் என்றது. கீழே இரண்டு பெயர்கள். 'பிரஷா போன்'. அதற்குக் கீழே 'குசினி'.

புது டேப்லெட் வாங்கியிருக்கிறாள். குசினியில் வைத்திருக்கிறாள், பழையது நின்ற அதே இடத்தில், கோயில் கலண்டருக்குக் கீழே. அவனைக் கோபத்தில் நீக்கினாளோ, இடம் காணாமல் நீக்கினாளோ, தெரியவில்லை. அவன் உள்ளே போனால் அவளுடைய குசினி அணைந்துபோகும் என்பது மட்டும் தெரிந்தது.

"என்ன தம்பி, இண்டைக்கு ஓடர் வரேல்லையோ?" நீக்கிலாப்பிள்ளை கல்லாவிலிருந்து கேட்டார்.

"இல்லை அண்ணை."

"அப்ப உமக்கு விருப்பமானதை எடுமன்."

அவன் தலையாட்டினான். இடது கையில் ஒரு முருங்கைக்காய் இருந்தது, எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை. பின்னால் யாரோ வழி கேட்டார்கள். மூச்சை இழுத்து ஒதுங்கினான். வலது கையில் இரண்டு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வெறும் வட்டம். திரை மங்கத் தொடங்கியது. அது அணைந்துவிடாமல், வட்டங்களில் படாமல், பெருவிரலால் ஓரத்தை மெல்லத் தொட்டான். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் மங்கியது. திரும்பவும் தொட்டான்.