அறுத்துப் போட்ட விசில்கள்

கோடைக்கானல் ஏரியில் படகு ஏறுகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது என் வேலை. ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் ஆபத்துக்கு ஊத ஒரு விசில் கட்டியிருக்கும். வருகிறவர்களுக்கு அது திருவிழாப் பீப்பி. சத்தம் கேட்டதும் மீட்புப் படகுக்காரர் அருளப்பன் பதறிக்கொண்டு போவார். அங்கே செல்ஃபி எடுத்துக்கொண்டு இருப்பார்கள். ஒரு நாள் பொறுமை போய், எல்லா விசிலையும் அறுத்துச் சாக்கில் போட்டுவிட்டார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் திடீரென்று மூடுபனி இறங்கியது. மிதிபடகில் போன ஒரு தாயும் மகளும் மட்டும் திரும்பவில்லை. அருளப்பன் படகில் போய்க் கத்திப் பார்த்துவிட்டு, தொண்டை கட்டித் திரும்பினார். வந்ததும் சாக்கைத் துறையில் கொட்டினார்.

"ஆளுக்கு ஒண்ணு எடுத்து ஊதுங்க. சத்தம் வர்ற பக்கமா மிதிச்சு வரட்டும்."

வரிசையில் நின்றவர்கள்கூட ஊதினார்கள். கன்னம் வலிக்க ஆரம்பித்தபோது பனிக்குள்ளிருந்து பெடல் சத்தம் கேட்டது.

கரையேறிய தாய், "நாங்களும் ஊதலாம்னு விசிலத் தேடுனோம்ங்க. வெறும் கயிறுதான் இருந்துச்சு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அருளப்பன் குனிந்து, துறையில் கிடந்த விசில்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

மறுநாள் எல்லா விசிலையும் திரும்பக் கட்டினோம். கொஞ்ச நேரத்திலேயே ஏரி நடுவில் ஒன்று அலறியது. அருளப்பன் போய்விட்டு வந்தார். யாரோ புதுமாப்பிள்ளை சும்மா ஊதிப் பார்த்தானாம்.

"நல்லாத் திட்டுனீங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"சும்மான்னு சொல்றதுக்கு ஆளு இருந்தான்ல ஆக்ஸிலியா, அது போதும்" என்றார்.