ஓர் ஏகாரம் இடம்பெயர்ந்த கதை

1

இக்கதை செய்தித்தாளில் கண்ட ஒற்றை வாக்கியத்திலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பதினொரு நாடுகள் கூடி வெளியிட்ட கூட்டறிக்கையின் சாரம் அது. ஒரு நாடு கைவிரித்தால் மற்றவை மூலப்பொருளின்றித் தவிக்கலாகாது. ஒன்றுக்கொன்று கைகொடுக்க வேண்டும். அதேவேளை வணிகத்தின் கதவும் அடைபடலாகாது. நல்ல நோக்கந்தான். அதனைத் தமிழாக்கிய பெண்ணை நான் அறியேன். ஆகவே அவளைப் படைக்க வேண்டியதாயிற்று.

2

'மாநாட்டு மண்டபத்தின் கண்ணாடிச் சுவர்களில் மாலை வெயில்…'

(வேண்டாம். வெயிலுக்கு இங்கே வேலை இல்லை.)

மொழிபெயர்ப்பாளர் முதலில் எழுதியது: 'நட்பு நாடுகளுக்குச் சந்தை திறந்தே இருக்கும்.' பிரிவுத் தலைவர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"அழுத்தம் பத்தலையேம்மா. 'நாடுகளுக்கே'ன்னு போடு. கேக்க நல்லாருக்கும்."

"சார், அப்படிப் போட்டா மத்தவங்களுக்கு இல்லைன்னு ஆயிடுமே."

"ஒரு எழுத்துக்கு இவ்வளவு வழக்கா? கீழ அச்சுக்காரர் காத்துக்கிட்டு நிக்கிறார். உன் இலக்கணத்தால மனுஷன் இன்னும் டீ கூடக் குடிக்கல."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே ஏகாரத்தை நகர்த்தினாள்: 'நட்பு நாடுகளுக்கே சந்தை திறந்திருக்கும்.'

[அடிக்குறிப்பு: முன்னது ('திறந்தே') தேற்றம், உறுதி கூறும். பின்னது ('நாடுகளுக்கே') பிரிநிலை, பிறரை விலக்கும். அவள் நாட்டுத் துறைமுக அதிகாரிகள் தமிழ் வடிவத்தையே படிப்பர்.]

3

அவளுக்கு ஓர் அக்காள். (இவளை எங்கே வைப்பதென்று மூன்று நாள் தயங்கினேன். உள்ளூரில் வைத்திருந்தால் கதையே இராது. நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.) அக்காள் வாழ்வது பன்னிரண்டாவதாக ஒரு நாட்டில். பகை நாடன்று, அழைக்கப்படாத நாடு. அவள் கணவரின் பட்டறையில் செய்யப்படும் சிறு காந்தங்கள், தங்கை வாழும் நாட்டின் சுவாசக் கருவிகளுக்குச் சென்றுகொண்டிருந்தன. அறிக்கை வெளிவந்த மூன்றாம் வாரம் அக்காள் தொலைபேசியில் அழைத்தாள்.

"நாப்பது பெட்டியும் உங்க துறைமுகத்துலேருந்தே திரும்பி வந்துடுச்சுடி. ஒண்ணைக்கூடப் பிரிச்சுப் பாக்கல."

"அத்தான் என்ன சொல்றார்க்கா?"

"என்னத்தச் சொல்வார்? ஓடாத மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டிருக்கார். இந்த வாரத்தோட பட்டறைய மூடறோம்." பிறகு, "எந்தப் புண்ணியவான் 'நட்பு நாடுகளுக்கே'ன்னு அந்த வரிய எழுதினானோ! நீ அங்கதானே வேலை பாக்குற? யாருன்னு கேட்டுச் சொல்லேன்" என்றாள்.

4

திருத்தலாமே என்பீர்கள். தமிழ் வடிவத்திலும் கையெழுத்தாகிவிட்டது; திருத்தினால் பதினொரு நாடுகளும் மீண்டும் கையெழுத்திட வேண்டும்; அவை கூடுவதோ அடுத்த ஆண்டு.

முடிவு ஒன்று: பழியைப் பிரிவுத் தலைவர்மேல் போட்டு அவள்…

(இல்லை. அவள் அறிந்தே நகர்த்தினாள்.)

முடிவு இரண்டு: "நான்தான்க்கா" என அவள் சொல்ல, அக்காள் மன்னித்து…

(மன்னிப்பாள் என்றெழுத எனக்கு உரிமை ஏது? அந்தப் பட்டறையை மூடியவனே நான்.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவே. "என்னடி, லைன்ல இருக்கியா?" என்கிறாள் அக்காள். "இருக்கேன்க்கா" என்கிறாள் தங்கை. இதற்குமேல் எழுத என்னால் இயலவில்லை. அவள் அடுத்துச் சொல்வதை நீங்கள் சொல்லுங்கள். சற்று மெல்லச் சொல்லுங்கள். அத்தானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.