ஒளித்திரைக்குள் ஒரு கை

எங்கள் மேலாளர் ரீடலுக்கு இலவசம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மலரும். லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தை இறக்கிக்கொள்ளக் காசில்லை, உள்ளே திறந்து பார்க்கத் தடையில்லை, உலகம் முழுக்க ஆயிரம் பேர் பார்த்துப் பார்த்துத் திருத்தியது, இதைவிட வேறென்ன பாதுகாப்பு வேண்டும் என்பார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நாங்களும் அள்ளி அள்ளிப் போட்டோம். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே இருந்த சின்னக் கம்பெனி எங்களுடையது. தகட்டை அழுத்திக் கார் உதிரிபாகம் செய்யும் பிரஸ் இயந்திரத்துக்கு மூளையாக இருந்து ஓட்டும் கணினியைத் தயாரித்துக் கொடுத்தோம். ஆஹென் நகரில் படிப்பை முடித்த கையோடு, 2008-ல், நான் அங்கே சேர்ந்தேன்.

அந்தப் பிரஸ்ஸுக்கு முன்னால் ஓர் ஒளித்திரை இருக்கும். மேலிருந்து கீழ்வரை கண்ணுக்குத் தெரியாத கதிர்கள். கை குறுக்கே போனால் பிரஸ் அந்தக் கணமே நிற்க வேண்டும். அதுவரை அந்தக் காவல் வேலையை ஒரு மஞ்சள் பெட்டி பார்த்துவந்தது. அதற்குள் மென்பொருளே கிடையாது, வெறும் கம்பியும் ரிலே சுவிட்சும்தான். இனி அதையும் லினக்ஸே செய்யட்டும் என்பது ரீடலின் கனவு. சான்றிதழ் தரும் பரிசோதகர் வியாழக்கிழமை வர இருந்தார். அதுவரை ஒரு தொழிற்சாலையில் எங்கள் மூளையும் மஞ்சள் பெட்டியும் சேர்ந்தே ஓடும், ஒன்று தவறினால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும் என்று ஏற்பாடு.

அந்தத் தொழிற்சாலையின் பிரஸ்ஸில் வேலை செய்தவர் அன்ரனிற்றா அக்கா. மன்னார்க்காரி. அவர் வீட்டு மாடியறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். பெயருக்குத்தான் வாடகை, சாப்பாடு, காய்ச்சலுக்குக் கசாயம், பிந்தி வந்தால் திட்டு எல்லாம் அதில் அடக்கம். கத்தியை எடுத்து வெங்காயம் நறுக்கப் போனால் "பிள்ளை, விரல் கவனம்" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும்.

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வறையில், தொழிற்சாலையில் இருப்பது போலவே, சீட்டு அச்சிடும் சின்ன இயந்திரத்தையும் சேர்த்து இணைத்துப் பார்த்தேன். உதிரிபாகப் பெட்டி நிறைந்ததும் அதன்மேல் ஒட்ட ஒரு சீட்டு அடித்துத் தருவதுதான் அதன் வேலை. இத்தனை மாதத்தில் அதை இணைத்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சீட்டுத்தானே என்று விட்டுவிட்டோம். அன்று பல நூறு முறை கதிரை மறித்துப் பார்த்தேன். ஒரே ஒரு முறை, சீட்டு அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், 'நில்' என்ற கட்டளை சீட்டு வேலைக்குப் பின்னால் வரிசையில் காத்துக்கிடந்தது. அரை நொடி. அதற்குள் பிரஸ் முழுதாக இறங்கி ஏறிவிடும்.

அந்தச் சீட்டு இயந்திரத்தை ஓட்டும் நிரலை யாரோ ஒரு மாணவர் தன் அப்பாவின் காய்கறிக் கடைக்கென்று எழுதி, எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இணையத்தில் போட்டிருந்தார். அவர்மேல் என்ன குற்றம்? கடையில் விலைச்சீட்டு தாமதமானால் யாருக்கும் விரல் போகாது. அதைக் கொண்டுபோய் பிரஸ்ஸில் வைத்தவர்கள் நாங்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நாங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ரீடலிடம் ஓடினேன்.

"ஒரு முறைதானே? முதலில் காரணத்தைக் கண்டுபிடி. மஞ்சள் பெட்டி இருக்கிறது, பயமில்லை. பரிசோதகர் வந்து போகும்வரை வாயைத் திறக்காதே" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சீட்டு இயந்திரத்தை மட்டுமாவது கழற்றி வைக்கச் சொல்லலாம் என்று தொழிற்சாலையின் மைஸ்டரை, அதாவது அந்தப் பிரிவின் தலைவரை, தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"மஞ்சள் பெட்டியா? அதை வெள்ளிக்கிழமையே எடுத்துவிட்டோமே" என்றார் அவர். "கதிரில் எண்ணெய்ப் புகை பட்டாலே பிரஸ்ஸை நிறுத்தி நிறுத்தி உயிரை வாங்கியது. பெட்டி இல்லாமல் வேலை செய்ய மாட்டோம் என்று இரண்டு பேர் மறுத்தார்கள். உங்கள் அன்ரனிற்றாதான் துணிந்து வந்தார். நிரலை எழுதியது எங்கள் வீட்டுப் பிள்ளை, எனக்கென்ன பயம் என்றார்."

உடனே பிரஸ்ஸை நிறுத்துங்கள் என்றேன். ரீடல் சொல்லட்டும், மாலைக்குள் லாரியில் சரக்கு ஏற்ற வேண்டும் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். அக்காவின் கைப்பேசி வேலை நேரத்தில் அலமாரிக்குள் இருக்கும். ரீடலின் அறைக்குப் போனால் அவர் வெளியே போயிருந்தார். என் விசா இந்த வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் நாடும் போகும். அந்தக் கணக்கெல்லாம் ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறந்து மூடும்போது, இப்போது ஒரு சீட்டு அடித்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

நான் உள்ளே நுழைந்தபோது அக்கா தகட்டை வைப்பதும் கையை எடுப்பதுமாக இருந்தார். கையை எடுத்ததும் பிரஸ் இறங்கியது. பத்து விரலும் இருந்தன. பக்கத்திலிருந்த சிவப்புப் பொத்தானை அடித்தேன். எல்லாம் நின்றது.

"என்ன பிள்ளை, வீட்டில ஏதும் பிரச்சினையே?" என்று எழுந்தார் அக்கா.

"அக்கா, கையை உள்ள விடாதீங்க. இது சில நேரம் நிக்காது."

மைஸ்டர் ஓடி வந்தார். நிரூபி என்றார். ஒளித்திரையைச் சோதிக்கக் கறுப்புக் கோல் ஒன்று வைத்திருப்பார்கள். பிரஸ்ஸை மறுபடி ஓடவிட்டு, சீட்டு அடிக்கும் நேரம் பார்த்துப் பார்த்து அதை நீட்டினேன். நின்றது. மறுபடியும் நீட்டினேன். நின்றது. கை ஓயும்வரை நீட்டினேன். சனியன் ஒவ்வொரு முறையும் சமர்த்தாக நின்றது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம். கூடியிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள்.

அக்காவுக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை.

"பாத்தியளே! நல்லாத்தானே நிக்குது. பிள்ளை வீணாப் பயப்பிடுறா" என்று தமிழிலேயே மைஸ்டரிடம் சொல்லிவிட்டுப் பழையபடி இருக்கையில் உட்கார்ந்தார். என் மானத்தைக் காப்பாற்றத்தான். பிரஸ் ஓட ஆரம்பித்தது. அவர் கை தகட்டோடு உள்ளே போனது. பெட்டி நிறைந்து, சீட்டு இயந்திரம் கிறீச்சென்றது.

அந்த மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். தகடு தரையில் விழுந்து கணீரென்றது.

"இதை நான் எழுதவில்லை!" என்று ஜெர்மனில் எல்லோர் காதிலும் விழக் கத்தினேன். "நான் எழுதியது ஒரு ஓரத்தில் கொஞ்சம். மீதியை யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்று நாங்கள் பார்க்கவில்லை. எனக்கு இதன்மேல் நம்பிக்கை இல்லை."

சிரிப்பு அடங்கியது. அக்கா என்னையே பார்த்தார். பிறகு கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்தார். மஞ்சள் பெட்டியைத் திரும்ப மாட்டினால் வருகிறேன் என்று மைஸ்டரிடம் தட்டுத்தடுமாறிய ஜெர்மனில் சொன்னார். மைஸ்டர் முன்பு மறுத்திருந்த இரண்டு பேரையும் பார்த்தார். அவர்கள் தலையை ஆட்டி மறுத்தார்கள். மைஸ்டர் பிரஸ்ஸின் சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மைஸ்டர் சொல்லியிருக்க வேண்டும், நான் வாசலுக்கு வருவதற்குள் ரீடல் தொலைபேசியில் வந்துவிட்டார். வாடிக்கையாளர் முன்னால் என்ன பேசினாய், நாளைக் காலை சாமான்களை எடுத்துக்கொள்ளத் தயாராக வா என்றார். கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.

அக்கா உடை மாற்றிக்கொண்டு வந்து அங்கே என் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கமாகக் கேட்கும் 'சாப்பிட்டனீரோ' கூட வரவில்லை.

"அப்ப, அது நீர் எழுதினதில்லையோ?" என்றார் கடைசியில்.

"என் பங்கு கொஞ்சம்தான் அக்கா."

"ஆர் எழுதினதெண்டும் தெரியாதோ?"

"தெரியாது."

பேருந்து வந்து, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை. அவர் கைகள் இரண்டையும் மடியில் விரித்துவைத்துப் பார்த்தார்.

"பிள்ளை," என்றார், "வெள்ளிக்கிழமை துடங்கி உம்மை நம்பியெல்லோ கையை வைச்சனான்."